பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும் வண்டி

ஜூன் 4, காலை

ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “எலெக்ட்ரானிக்ஸ் நுழைந்த நாளிலிருந்து டிராக்டரும் லாரியும் நாசம். பழைய பம்பு இன்ஜின் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நாள் முழுக்க ஓட்டலாம். இப்போது விரல் அளவு சென்சார் ஒன்று போனால் மொத்த வண்டியும் படுத்துவிடுகிறது. எல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கப் போட்ட திட்டம். இல்லை என்று சொல்ல ஆள் உண்டா?”

உண்டு. பாதிக்கு மட்டும்.

பேட்டரி விஷயம் நிஜம். இன்லைன் பம்பு (டீசலை அழுத்திச் சிலிண்டருக்கு அனுப்பும் பழைய வகைப் பம்பு) வைத்த டீசல் இன்ஜினுக்குக் கரண்டு தேவைப்படுவது செல்ஃப் அடிக்க மட்டும்தான். பம்புக்குள் ஒரு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், அதாவது ஏறி இறங்கி டீசலை அழுத்தும் தண்டு. பிளஞ்சர் ஏறும் தூரம் எப்போதும் ஒன்றே. ஆனால் அதன் உடம்பில் சாய்வாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ராக் என்ற கம்பி அந்தப் பிளஞ்சரை ஒரு பக்கம் திருப்பினால் பள்ளம் துவாரத்தைச் சீக்கிரம் திறந்துவிடும், நாசிலுக்குப் போகும் டீசல் குறையும். மறுபக்கம் திருப்பினால் தாமதமாகத் திறக்கும், டீசல் கூடும். பாஷ் 1927இல் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அடிப்படை மாறாமல் எழுபது வருஷம் ஓடியது. நிறுத்துவதற்கும் ஒரு கேபிளை இழுத்தால் போதும்.

அதற்காக ஓடுகிற இன்ஜினில் பேட்டரியைக் கழற்றும் வித்தையை யாரும் செய்து காட்ட வேண்டாம். ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால், 12 வோல்ட் வயரிங்கில் கண நேரத்துக்கு நூறு வோல்ட்டை ஒட்டி ஏறக்கூடும். பம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆல்டர்னேட்டர் டயோடு, மீட்டர், ரேடியோ எல்லாம் போய்ச் சேரும்.

ஜூன் 4, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் மெக்கானிக்கல் என்றாலே எளிமை என்று நானும் ஒத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. பம்பு காலிப்ரேஷன் பெஞ்சில், அதாவது பம்பை ஏற்றி டீசல் அளவைச் சோதித்துத் திருத்தும் மேடையில், வேலை கற்றவன் நான். ‘எளிமை’ என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் உருளையான பேரலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். இரண்டையும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள்; ஒரு சிலிண்டரின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட முடியாது. கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெறுங்கையால் தடவினால் திட்டு விழும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா என்று கண்ணாடிக் குழாயில் பிடித்து அளந்துதான் பம்பை வெளியே அனுப்புவோம். வயல்வெளியில் ஸ்பானரோடு உட்கார்ந்து பம்பைச் சரிசெய்தேன் என்பவர் பெரும்பாலும் செய்தது ஏர் எடுத்ததும் ஃபில்டர் மாற்றியதும்தான். அதுவும் வேலைதான், குறை சொல்லவில்லை.

அடுத்தது கவர்னர், இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாகம். இரண்டு எடைக்கட்டிகள் சுழலும். வேகம் கூடினால் விரிந்து ராக்கைக் குறைப்புப் பக்கம் தள்ளும். கலப்பை இறுகி வேகம் விழுந்தால் சுருங்கும், ஸ்பிரிங் ராக்கைக் கூட்டுப் பக்கம் இழுக்கும். டிரைவர் கால் வைக்காமலே டீசல் ஏறும். அளக்கிறது, கேட்ட வேகத்தோடு ஒப்பிடுகிறது, திருத்துகிறது. இதைத்தான் இ.சி.யூ.வும் (புது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) செய்கிறது. கணக்குப் போடும் பொருள் மட்டும் இரும்பிலிருந்து சிலிக்கானுக்கு மாறியிருக்கிறது.

டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசனின் டிராஃப்ட் கண்ட்ரோலும் இதே ஜாதி. 1939இல் வந்த ஃபோர்டு-ஃபெர்குசன் 9என் டிராக்டரிலேயே இருந்தது. மண் இறுகினால் கலப்பையின் இழுவை கூடும், மேல் இணைப்புக் கம்பி ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும், அது வால்வை நகர்த்தும், லிஃப்ட் கலப்பையைத் துளி உயர்த்தும். மண் இளகினால் தானே இறக்கும். இன்று அதே வேலையைக் கீழ்க் கம்பிகளின் பின்னில் வைத்த விசை சென்சார் செய்கிறது.

ஆகவே ‘கம்ப்யூட்டர் வேண்டாம்’ என்பவரிடம் என் கேள்வி: எந்தக் கம்ப்யூட்டர்?

ஜூன் 5

அணுகுண்டு வெடித்து மின்காந்த அலை பரவினால் பழைய டிராக்டர் மட்டும் ஓடும் என்று எழுதியவருக்கு: ஓடட்டும். டீசல் அடிக்கிற பங்க் ஓடுமா என்று முதலில் பாருங்கள்.

ஜூன் 7

காசு பிடுங்கும் திட்டம் என்ற பகுதிக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் கனரக டீசல் இன்ஜின்களுக்கு 1988இல் இருந்த வரம்பு: ஒரு குதிரைத்திறன்-மணிக்கு நைட்ரஜன் ஆக்சைடு 10.7 கிராம், புகைத் துகள் 0.60 கிராம். 2007இல் துகள் 0.01 கிராம். 2010இல் நைட்ரஜன் ஆக்சைடு 0.20 கிராம். துகள் அறுபதில் ஒரு பங்கு, மற்றது ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே. ஐரோப்பாவும் ஏறக்குறைய இதே படிக்கட்டில் இறங்கியது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்பு) 4இலிருந்து நேரே 6க்குத் தாவினார்கள்.

எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் இந்த அளவுக்கு இறங்கி வர முடியாது. காரணம் எளிது. பம்பு இன்ஜினில் அழுத்தம் வேகத்தோடு கட்டுண்டது. வேகம் குறைவாக, பாரம் கூடுதலாக இருக்கும் நேரத்தில்தான் டீசல் நன்றாகத் தூளாக வேண்டும். அப்போதுதான் பம்பின் அழுத்தம் குறைவு. ஏற்றத்தில் லாரி கக்கும் கரும்புகை அந்த இடம்தான். காமன் ரெயில் என்ற புது முறையில் அழுத்தத்தைத் தனியாக ஏற்றி, எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ரெயில் என்ற குழாயில் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள், 2000 பாரும் அதற்கு மேலும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம், ஒரே சுற்றில் எத்தனை தடவை என்பதை இ.சி.யூ. சொல்கிறது. முதலில் துளி டீசல், பிறகு முக்கியப் பங்கு, தேவையானால் கடைசியில் இன்னொரு துளி. புது லாரி ஐடிலில் நிற்கும்போது பழைய ‘கட கட’ இல்லாமல் இருப்பதற்கு அந்த முதல் துளி ஒரு பெரிய காரணம். ஜப்பானின் டென்சோ 1995இல் ஹினோ லாரிக்குக் காமன் ரெயிலைக் கொடுத்தது. கார்களுக்கு 1997இல் வந்தது.

மெக்கானிக்கல் பம்பு தோற்று ஓடவில்லை, அடித்துத்தான் விரட்டினார்கள். கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு இன்ஜின் பாஷ் பி7100 பம்போடு அமெரிக்கப் பிக்கப்பில் 1998 வரை தாக்குப்பிடித்தது. அதைத் தேடி வாங்கும் கூட்டம் இன்றும் இருக்கிறது. நான் பெஞ்சில் ஏற்றிய பம்புகளில் அதன் வம்சத்தைத்தான் ரசித்து வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் மூடிய பட்டறைக்குள் ஒரு பழைய இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த நெஞ்சும் என்னுடையதுதான். வரம்பு தேவையில்லை என்று என் வாயிலிருந்து வராது.

ஜூன் 9

“மெக்கானிக்கல் பழுது மெதுவாக வரும், முன்கூட்டியே சத்தம் கொடுக்கும்” என்று ஒருவர்.

பேரிங் கொடுக்கும், கிளட்ச் கொடுக்கும். பம்பு ராக் இறுகினால் கொடுக்காது.

நெடுநாள் நிறுத்திவைத்த வண்டி. பம்புக்குள் தண்ணீர் கலந்த டீசல், ராக் முழு டீசல் நிலையில் துருப்பிடித்து நின்றுவிட்டது. செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்தது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. எடைக்கட்டிகள் விரிகின்றன, ஆனால் ராக் நகர்ந்தால்தானே! ஸ்டாப் கேபிளும் அதே ராக்கைத்தான் இழுக்கும் என்பதால் அதுவும் வீண். சாவியைத் திருப்பினாலும் பயனில்லை; கரண்டு இல்லாமலே ஓடும் என்று பெருமைப்படுகிறோமே, அதே குணம். கூட வேலை பார்த்த பெரியவர் ஒரு பலகையை எடுத்து ஏர் கிளீனர் வாயில் அழுத்தி அடைத்தார். திணறி நின்றது. கையை வைத்து அடைக்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும். துணியும் கூடாது, உள்ளே போய்விடும்.

இ.சி.யூ. இன்ஜினில் இன்ஜெக்டருக்குக் கரண்டு நின்றால் டீசல் நிற்கும். இந்த விதமான ஓட்டம் அங்கே மிக அரிது. டர்போ சீல் போய் ஆயிலையே குடித்து ஓடினால் மட்டும் புதியதும் அடங்காது. அதற்கும் அதே பலகைதான்.

ஜூன் 9, சற்று நேரம் கழித்து

எலெக்ட்ரானிக்ஸ் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் மறுபக்கக் கதையும்.

அமெரிக்காவில் 1975இல் காற்றுப் பிரேக் விதி ஒன்று அமலுக்கு வந்தது, எண் 121. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும் என்றது. நடைமுறையில் அதற்கு ஏ.பி.எஸ். தேவைப்பட்டது. அன்றைய எலெக்ட்ரானிக்ஸ் அதற்குத் தயாராக இல்லை. நம்ப முடியாத பிரேக்கோடு லாரிகள் சாலைக்கு வந்தன. லாரித் தயாரிப்பாளர் பாக்கார் வழக்குத் தொடுத்தது. 1978இல் நீதிமன்றம் அந்தப் பகுதியை அடித்துப்போட்டது. மறுபடி ஏ.பி.எஸ். கட்டாயமானது 1997இல். இடையில் சிப்பும் சென்சாரும் வளர்ந்திருந்தன, இரண்டாவது சுற்று நிலைத்துவிட்டது. வயதான டிரைவர்கள் பலர் ஏ.பி.எஸ்.ஸைச் சந்தேகமாகப் பார்த்ததற்கு அறியாமை காரணமில்லை. முதல் சுற்றைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஜூன் 10

நேற்றிலிருந்து இந்தப் பிரேக் கதையே தலைக்குள் ஓடுகிறது. எனக்கு எங்கே கோபம் வருகிறது, எங்கே வருவதில்லை என்று யோசித்தேன். எலெக்ட்ரானிக்கா மெக்கானிக்கலா என்பதில் வரவில்லை. பழுதானால் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதில்தான் வருகிறது.

லாரியின் பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள். காற்றுதான் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரேக்கை விடுவிக்கிறது. குழாய் வெடித்துக் காற்று போனால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். வண்டி நடுவழியில் நிற்கும், ஆனால் நிற்கும். ரயிலுக்கு வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் போட்ட தானியங்கிப் பிரேக்கும் இதே திசை: பெட்டி கழன்று குழாய் அறுந்தால் பிரேக் விழும்.

டிராக்டர் ஸ்டீயரிங்கை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரோஸ்டேடிக் ஸ்டீயரிங் வைத்த டிராக்டரில் உங்கள் கையிலுள்ள வளையத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே கம்பி எதுவும் கிடையாது. வெறும் எண்ணெய்க் குழாய். ‘மெக்கானிக்கல்தான் நம்பிக்கை’ என்று சத்தம் போடுபவர் பலர் அதைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜின் நின்றாலும் ஸ்டீயரிங் யூனிட்டே கைப்பம்பாக மாறும். முக்கித் திருப்பினால் திரும்பும்.

ஏ.பி.எஸ்.ஸும் இந்த வகைதான். சக்கர சென்சார் வயர் அறுந்தால் மஞ்சள் விளக்கு எரியும், பிரேக் சாதாரணப் பிரேக்காகப் பிடிக்கும். அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

சீட் சுவிட்ச்மேல் புகார் இருக்கிறது. டிரைவர் இறங்கிவிட்டால் பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் டிராக்டர் ஷாஃப்ட்) நிற்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். சுழலும் ஷாஃப்டில் வேட்டி, துண்டு சிக்கி உயிர் போனவர்கள் உண்டு. ஆனால் குலுக்கலில் தளர்ந்துபோகும் ஒரு சுவிட்சை வைத்து, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே இன்ஜினை நிறுத்தினால் அடுத்த வாரம் அதன் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிடுவார்கள். பிறகு அந்த வண்டி, பாதுகாப்பு சுவிட்சே இல்லாத வண்டியை விடவும் மோசம். இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

ஜூன் 12

சென்சார் ஒன்று போனால் மொத்த வண்டியும் படுக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நீளும்.

பெஞ்சை விட்டு ஸ்கேனர் (இ.சி.யூ. பதிந்த பழுதுகளை வாசிக்கும் கருவி) பக்கம் வந்தபிறகு நான் பார்த்த பழுதுகளில் இ.சி.யூ. உண்மையாகவே செத்தது மிகக் குறைவு. வயர், கனெக்டர், எர்த். இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப. எலி கடித்த வயர். அழுத்தத் தண்ணீரால் கழுவியதில் கனெக்டருக்குள் புகுந்த ஈரம். சேஸிஸில் பெயின்டுக்கு மேலேயே முடுக்கிய எர்த் போல்ட்.

ஒரு டிராக்டர். காலையில் ஸ்டார்ட் ஆகாது, வெயில் ஏறினால் ஆகும். எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் ரெயில் அழுத்த சென்சாரை மாற்றியிருந்தார்கள். பிறகு பம்பை. பிறகு இ.சி.யூ.வையே. காரணம் பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; அங்கே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. குளிரில் இன்ஜின் இறுக்கமாக இருக்கும், செல்ஃப் அதிகம் இழுக்கும், இ.சி.யூ.வுக்கு வரும் வோல்டேஜ் விழும், அது தூங்கி எழுந்துகொண்டே இருக்கும். வெயிலில் தப்பிவிடும். கேபிளின் நுனியைச் சுரண்டி முடுக்கியதோடு முடிந்தது.

இதைச் சொன்னால் இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘பார், எர்த் கேபிளுக்கே படுத்துவிட்டது’ என்று ஒரு கட்சி. ‘பார், எலெக்ட்ரானிக்ஸில் பழுதே இல்லை’ என்று மறுகட்சி. எனக்கு உறுத்தியது வேறு. மூன்று பெரிய பாகங்களை மாற்றிய கைகளில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் ஏறவேயில்லை. ஸ்கேனர் ஒரு கோடு (code, பழுதுக் குறியீடு) காட்டியது, கோடில் இருந்த பெயருக்கு உரிய பாகத்தை மாற்றினார்கள். அந்தக் கோடு ‘எனக்கு வந்த வோல்டேஜ் சரியில்லை’ என்றுதான் சொன்னது, சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவேயில்லை. வீட்டு நாய் குரைத்தால் நாய்க்கு ஊசி போடுவதுபோல் இருந்தது அந்த வேலை.

அந்த டிராக்டர்காரர் கொடுத்த பில் தொகையை நினைத்தால் முதல் நாள் கேள்வி கேட்டவரின் கோபம் எனக்குப் புரிகிறது. கோபம் சரியான முகவரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 13

சரியான முகவரி எது என்று கேட்டிருக்கிறார்கள். பூட்டு.

பழைய பம்பிலும் பூட்டு இருந்தது, தெரியுமா? அதிகபட்ச டீசல் அளவை நிர்ணயிக்கும் ஸ்குரூவில் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்திருப்பார்கள். உடைத்தால் வாரன்டி போகும். ஆனால் உடைக்க ஒரு கட்டிங் பிளேயர் போதும், உடைத்தது உங்கள் பொறுப்பு. இப்போதைய பூட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறது. புது இன்ஜெக்டரை மாட்டினால் அதன் குறியீட்டை இ.சி.யூ.வில் எழுத வேண்டும். சில பாகங்களைப் பொருத்தியபின் கம்பெனியின் சாஃப்ட்வேர் ‘ஆம்’ என்று சொன்னால்தான் வண்டி ஏற்கும். இன்ஜெக்டர் குறியீட்டுக்கு நியாயம் உண்டு. ஒவ்வொன்றும் நூலளவு வேறுபடும், அந்த வேறுபாட்டை இ.சி.யூ. ஈடுகட்ட வேண்டும். அந்த எழுதும் வசதியை வண்டிச் சொந்தக்காரருக்கும் வெளிப் பட்டறைக்கும் தர மறுப்பதற்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

அமெரிக்காவில் 2015இல், தன் டிராக்டரின் சாஃப்ட்வேர் பூட்டைப் பழுதுபார்க்கத் திறப்பது பதிப்புரிமை மீறலாகாது என்று விலக்கு கொடுத்தார்கள். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது, 2024 ஜனவரி 1 முதல் நடப்பு. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் டிராக்டர் கம்பெனி ஜான் டீர் மீது வழக்கே போட்டது. இவற்றில் எதுவும் ‘எலெக்ட்ரானிக்ஸை எடு’ என்று கேட்கவில்லை. சாவியைக் கொடு என்கின்றன.

2022இல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் ஒரு விற்பனை நிலையத்திலிருந்து அறுவடை இயந்திரங்களையும் டிராக்டர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு தொலைவிலிருந்தே அவை முடக்கப்பட்டுவிட்டன என்று செய்தி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். கைதட்டி முடித்ததும் ஒரு எண்ணம்: திருடன் கையிலிருக்கும்போது நிறுத்த முடிந்தவர்களால் என் கையிலிருக்கும்போதும் முடியும்.

ஜூன் 13, பத்து நிமிஷம் கழித்து

பூட்டைத் திறந்துவிட்டால் எல்லோரும் புகைக் கட்டுப்பாட்டை அழித்துவிடுவார்கள் என்பது கம்பெனிகளின் வாதம். அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1998ஐயும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுவோம். கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நாவிஸ்டார், ரெனோ, வோல்வோ என ஏழு கம்பெனிகள். சோதனையில் ஒரு மாதிரியும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வேறு மாதிரியும் நடக்கும்படி இ.சி.யூ.வில் எழுதியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நெடுஞ்சாலையில் டைமிங்கை (டீசல் தெளிக்கும் நேரத்தை) முன்னே தள்ளினால் டீசல் மிச்சம், நைட்ரஜன் ஆக்சைடு மூட்டை மூட்டையாக. அமெரிக்க அரசோடு நூறு கோடி டாலர் அளவில் சமரசம் செய்துகொண்டார்கள். எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் தாங்கள் சோதனைக்கூடத்தில் இருக்கிறோமா சாலையில் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்கத் தெரியாத பிறவிகள்.

ஜூன் 16

புது டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாத் திரவம் பற்றிய திட்டுகள் மட்டும் ஒரு புத்தகம் தேறும். என் பங்கு.

32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சூடான புகைக்குழாயில் தெளித்தால் அமோனியாவாக உடையும், அமோனியா நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து நைட்ரஜனும் தண்ணீருமாக மாறும். வேதியியல் அழகாக வேலை செய்கிறது. இன்ஜினுக்குள் நைட்ரஜன் ஆக்சைடை அமுக்க வேண்டிய கட்டாயம் குறைவதால் எரிதலை டீசல் மிச்சத்துக்கு ஏற்றபடி வைக்கவும் வழி கிடைத்தது. மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குளிர் நாடுகளில் தொட்டிக்குச் சூடேற்றி வேறு.

திட்டு எதற்கு? தொட்டி காலியானாலோ, தரம் சரியில்லை என்று சென்சார் சொன்னாலோ, வண்டி சக்தியைக் குறைக்கும். கடைசியில் ஊர்ந்து போகும் வேகத்துக்கு இறக்கிவிடும். இன்ஜினைக் காப்பாற்ற இது நடப்பதில்லை. ஆயில் அழுத்தம் விழுந்து இன்ஜினை நிறுத்தினால் புரிகிறது, என் இரும்பைக் காப்பாற்றுகிறது. யூரியா இல்லாததால் இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட விழாது. இது டிரைவரை வழிக்குக் கொண்டுவர எழுதிய தண்டனை. ஊற்றாமல் ஏமாற்றுபவனுக்கு அந்தத் தண்டனை பொருந்தும். தொட்டி நிறைய நல்ல திரவம் இருந்தும் சென்சார் பொய் சொல்லும்போது, பாரம் ஏற்றிய லாரி மேம்பாலத்தில் ஊர்வது யாருக்கும் நல்லதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே இந்தத் திடீர் முடக்கத்தைத் தளர்த்தும்படி சாஃப்ட்வேரை மாற்றச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஜூன் 10இல் எழுதிய சீட் சுவிட்சையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரே வியாதி.

ஜூன் 19

தானே நேர்கோட்டில் ஓடும் டிராக்டர் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விலகுகிறேன். ஆர்.டி.கே. திருத்தத்தோடு (தரையில் உள்ள நிலையம் ஒன்று அனுப்பும் திருத்தம்) செயற்கைக்கோள் வழி காட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். 2024 மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் அடித்தபோது அமெரிக்காவின் நடுப்பகுதியில் விதைப்பு நேரம். கோடு ஆடியதால் பலர் விதைப்பை நிறுத்திவிட்டார்கள். டிராக்டர் பழுதாகவில்லை, இன்ஜின் ஓடியது, ஸ்டீயரிங் திரும்பியது. விதைத்த வரிசைக்கு ஏற்றபடிதான் பின்னால் களையெடுப்பும் உரமும் போகவேண்டும் என்று மொத்த வேலையையும் அந்தக் கோட்டின்மேல் கட்டியிருந்தார்கள். கண்ணால் பார்த்து ஓட்டத் தெரிந்தவர்கள்கூட ஓட்டாமல் காத்திருந்ததற்கு அதுதான் காரணம். ஓட்டத் தெரியாமல் போய்விட்டது என்று கிண்டலடித்தவர்கள் ஒரு பருவம் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.

ஜூன் 22

“தத்துவம் போதும், வேலைக்கு ஆகிறதைச் சொல்லுங்கள்.” சரி.

வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள், இ.சி.யூ. கனெக்டரையும் பிரித்துவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். டிராலி கொக்கியில் வெல்டிங் அடிக்க பம்பர் முனையில் கிளாம்ப் போட்டால் கரண்டு வழியில் கண்ட வயரிலும் பேரிங்கிலும் புகுந்து போகும்.

லாரியிலும் பெரிய டிராக்டரிலும் இ.சி.யூ.க்கள் பேசிக்கொள்வது கேன் எனப்படும் இரண்டு முறுக்கு வயரில். பாஷ் 1986இல் வெளியிட்டது. வயரின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒன்பது முனைச் சோதனை சாக்கெட்டில் சி, டி என்று குறித்த துளைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 காட்டினால் நலம். 120 என்றால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் உரசிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனர் எதோடும் பேச மறுக்கும்போது சாஃப்ட்வேரைத் திட்டும் முன் செய்ய வேண்டிய காரியம் இது. சாதாரண மீட்டர் போதும்.

ஜூன் 25

எஸ்.பி.என். (எதில் பழுது என்ற எண்) 100, எஃப்.எம்.ஐ. (என்ன விதமான பழுது என்ற எண்) 4 என்று கோடு வருகிறது, ஆயில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டவருக்கு.

மாற்றாதீர்கள். 100 என்பது ஆயில் அழுத்தம், சரி. பின்னால் வரும் எண்தான் முக்கியம். எஃப்.எம்.ஐ. 1 என்று வந்திருந்தால் அழுத்தம் நிஜமாகவே அபாய அளவுக்கு விழுந்ததாக அளந்திருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். 4 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே என்று பொருள். வயர், கனெக்டர், சென்சார் மூன்றில் ஒன்று. சந்தேகமிருந்தால் சாதாரண முள் கேஜ் ஒன்றை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு இன்ஜினை நிறுத்தி, சென்சார் பிளக்கைப் பிரித்து, சாவி போட்டு வையுங்கள். வயர் பக்கத்தில் ஒரு முனையில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் இரண்டு மூன்று சம்பந்தமில்லாத கோடுகளும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரே 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற எல்லாமும் கெட்டதுபோல் காட்டும். ஒவ்வொரு பிளக்காகப் பிரித்துக்கொண்டே வாருங்கள், எதைப் பிரித்ததும் 5 வோல்ட் திரும்புகிறதோ அது குற்றவாளி. எதைப் பிரித்தும் திரும்பவில்லை என்றால் வயரிங் எங்கே இரும்பில் உரசுகிறது என்று பிராக்கெட் ஓரங்களில் தேடுங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள், கூட வந்த கோடு எண்களையும் விடாமல்.